பழந்தமிழ் நூல்களின் பழம்பதிப்புகளைச் சேகரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேகரிப்பாளர்கள் தேடுகிற பதிப்புகள் எவை?

ஏட்டில் இருந்த இலக்கியங்கள் முதன்முதலாக அச்சேறிய 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளுக்குத்தான் அதிகத் தேட்டம். 1812இல் சென்னையில் அச்சான திருக்குறள் மூலபாடம், அதோடு சேர்ந்த நாலடியார், இந்த வரிசையின் தலைமாடு. அது தனியார் கையில் கிடைப்பது அரிதினும் அரிது. அடுத்து ஆறுமுக நாவலர் 1861இல் வெளியிட்ட பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறள். சி. வை. தாமோதரம் பிள்ளையின் தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887). உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898). 20ஆம் நூற்றாண்டின் முதற்கால் பகுதியில் வந்த ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, நற்றிணை, பரிபாடல் ஆகியவற்றின் முதற்பதிப்புகளும் இதே வரிசையில் வைக்கத் தக்கவை. ஜி. யு. போப்பின் குறள் (1886), நாலடியார் (1893), திருவாசகம் (1900) ஆங்கிலப் பதிப்புகளைத் தேடும் கூட்டம் தனி.

"முதற்பதிப்பு" என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

எதன் முதற்பதிப்பு என்று கேளுங்கள். சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் பவர் பாதிரியார் 1868இலேயே அச்சிட்டுவிட்டார். முழு நூலும் நச்சினார்க்கினியர் உரையோடு வந்தது 1887இல். சிலப்பதிகாரத்தின் புகார்க்காண்டம் 1880இல் சுப்பராய செட்டியார் பதிப்பாக வந்திருக்கிறது. மணிமேகலை மூலத்தைத் திருமயிலை சண்முகம் பிள்ளை 1894இல் வெளியிட்டார்; சாமிநாதையர் பதிப்பு அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தே வருகிறது. குறுந்தொகை என்றதும் எல்லோரும் 1937ஆம் ஆண்டு சாமிநாதையர் பதிப்பைத்தான் கேட்பார்கள். ஆனால் சௌரிப்பெருமாளரங்கன் 1915இல் உரையுடன் வெளியிட்டதுதான் முந்தியது. பெயர் பெற்ற பதிப்பாசிரியரின் நூலுக்குப் போட்டி அதிகம். இப்படி மறக்கப்பட்ட முன்னோடிப் பதிப்புகள் நியாயமான விலையில் கிடைக்கின்றன. எங்கள் பரிந்துரை, முதலில் இவற்றைத் தேடுங்கள் என்பதே.

இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை ஒதுக்கிவிடலாமா?

கூடாது. சாமிநாதையர் ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாகக் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்தினார், குறிப்புகளைப் பெருக்கினார். புறநானூற்றின் 1923ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பும் 1935ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பும் 1894ஆம் ஆண்டுப் பதிப்பின் வெறும் மறு அச்சு அல்ல. பத்துப்பாட்டுக்கு 1918, 1931 பதிப்புகளும், மணிமேகலைக்கு 1921, 1931 பதிப்புகளும் அப்படியே. பதிப்பாசிரியர் உயிரோடிருந்து மேற்பார்த்த கடைசிப் பதிப்பு ஆய்வுக்கு முதற்பதிப்பைவிடப் பயன்படும்.

முதற்பதிப்பின் பெருமை வேறு வகை. அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை என்பதை அது அப்படியே காட்டும். 1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரம் முழுவதும் நச்சினார்க்கினியர் உரை என்றே அச்சானது. அதன் பின்நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பிறகுதான் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். அந்தத் தலைப்புப் பக்கத்தை நேரில் பார்க்கும்போது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒரு கட்டம் கண்ணெதிரே நிற்கிறது.

தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லை. காலத்தை எப்படிக் கணக்கிடுவது?

பழைய நூல்களில் பெரும்பாலும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் இருக்கும். பிரபவ 1867 சித்திரையில் தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே வரும். சர்வசித்து 21ஆவது, ஆக 1887. ஜய 28ஆவது, ஆக 1894. சுழற்சி 1927இலும் 1987இலும் மறுபடி தொடங்குவதால் "ஜய" என்பது 1954ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பலர் சறுக்குகிற இடம் மாதம். ஆண்டுப் பெயர் ஏப்ரல் நடுவில் மாறும். "ஜய வருஷம் தை மாதம்" என்றிருந்தால் அது 1895 ஜனவரி, 1894 அல்ல.

சாலிவாகன சகம் என்றிருந்தால் 78ஐக் கூட்டுங்கள். கொல்லம் ஆண்டுக்கு 825. ஆவணி முதல் மார்கழி நடுவரை 824. கலியுக ஆண்டிலிருந்து 3101ஐக் கழியுங்கள். தமிழ் எண்களில் ௲௮௱௮௰௭ என்றிருந்தால் 1887. ௧, ௮, ௭ ஆகியவற்றை க, அ, எ என்னும் எழுத்துகளாகப் படித்துக் குழம்புவது சகஜம்.

தலைப்புப் பக்கமே கிழிந்துபோயிருக்கிறதே?

விலையைத் தேடுங்கள். முகப்பு அட்டையிலோ பின்னட்டை விளம்பரத்திலோ ரூபாய், அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. "ந.பை." (நயா பைசா) என்று புதுக்காசு இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் "சென்னை-4" என்று மட்டும் இருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்கலாம். ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் நிச்சயம் அதற்குப் பிந்தியது.

எழுத்து இன்னும் உதவும். ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை ஒட்டிய வடிவிலும் இருந்தால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சுக்கோப்பு. இதையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். சில அச்சகங்கள் 1980களிலும் பழைய எழுத்துகளையே வைத்திருந்தன. 1930களிலேயே சீர்திருத்த எழுத்தைக் கையாண்ட வெளியீடுகளும் உண்டு.

நூல் முழுமையாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். கடைசிப் பக்க எண்ணைப் பார்த்துவிட்டு "முழுசா இருக்கு" என்று சொல்வது போதாது.

பழைய அச்சில் ஒரு பெரிய தாளை மடித்து ஒரு ஃபாரம் ஆக்குவார்கள். அளவைப் பொறுத்து அது 8 பக்கமாகவோ 16 பக்கமாகவோ இருக்கும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதற்பக்க அடியிலும் பக்க எண்ணோடு சேராமல் ஒரு சிறிய எண் நிற்கும். அதுதான் ஃபாரம் எண். 8 பக்க ஃபாரமானால் 2ஆம் எண் 9ஆம் பக்கத்திலும், 3ஆம் எண் 17ஆம் பக்கத்திலும், 12ஆம் எண் 89ஆம் பக்கத்திலும் வர வேண்டும். 16 பக்கமானால் 12ஆம் எண் 177ஆம் பக்கத்தில். ஃபாரம் எண்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஓர் எண் விடுபட்டால் ஒரு ஃபாரம் முழுவதுமே இல்லை, அல்லது பைண்டர் இடம்மாற்றித் தைத்திருக்கிறார். இடம்மாறியது குறையல்ல, சரிசெய்துகொள்ளலாம். விடுபட்டதை மீட்க இன்னொரு பிரதி வேண்டும்.

அடுத்து முற்பகுதி. முகவுரை, நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, சிறப்புப் பாயிரங்கள் எல்லாம் தனிப் பக்க எண்ணோடு, நூல் அச்சாகி முடிந்த பிறகு அச்சிடப்பட்டவை. தையலில் நுனியில் இருப்பதால் முதலில் கழன்று தொலைபவையும் இவைதான். பிற்பகுதியில் அரும்பத அகராதி, செய்யுள் முதற்குறிப்பு, பிழைதிருத்தம். பிழைதிருத்தம் பெரும்பாலும் ஒற்றைத் தாள், சில நூல்களில் ஒட்டப்பட்டதுமாக இருக்கும். அது இல்லாத பிரதிகளே அதிகம். இருந்தால் பிரதியின் மதிப்பு கூடும். பொருளுதவி செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் யார் பணத்தில் இந்த நூல்கள் வெளிவந்தன என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

முகவுரை இல்லாத அழகான பிரதியும், அட்டை இல்லாத முழுமையான பிரதியும் ஒரே விலையில் கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள்.

அசல் பதிப்பா, நிழற்படப் பதிப்பா?

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் சில பழம்பதிப்புகளை அப்படியே நிழற்படமாக அச்சிட்டது. அவை நேர்மையான, பயனுள்ள பதிப்புகள். சிக்கல் தருபவை, இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனை எடுத்துத் தேவைக்கேற்ப அச்சடித்துப் பழைய ஆண்டைப் போட்டு விற்கப்படும் பிரதிகள்.

இருட்டான அறையில் ஒரு கைவிளக்கைத் தாளின் பக்கவாட்டில், தாளோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஈய எழுத்துகளால் அச்சிட்ட பக்கமானால் எழுத்து தாளில் அழுந்திய பள்ளம் தெரியும். பின்பக்கத்தில் மேடு தட்டுப்படும். ஆஃப்செட்டிலும் டிஜிட்டல் அச்சிலும் தாள் மட்டமாக இருக்கும். 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் ஈய அச்சில் எழுத்தின் ஓரத்தில் மை சற்றே திரண்டு கருத்திருக்கும். ஸ்கேன் அச்சில் ஓரம் பல்லுப் பல்லாகவோ புள்ளிகளாகவோ உடையும். பழைய நூலக முத்திரை ஊதா மையில் இல்லாமல் எழுத்தின் கறுப்பிலேயே இருந்தால் அது நகலேதான்.

ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதி என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

மையை. ஊற்றுப்பேனா மை தாளுக்குள் ஊறிச் சற்றே பரவும், காலப்போக்கில் பழுப்பாகும். பந்துமுனைப் பேனா தாளில் கோடு கீறும். சாமிநாதையர் காலமானது 1942இல். பந்துமுனைப் பேனாவில் அவர் கையெழுத்து இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. "அன்பளிப்பு" என்று பெயரும் தேதியும் எழுதப்பட்ட பிரதியில் அந்த ஆண்டு நூலின் ஆண்டுக்கு முந்தியதாக இல்லையா என்றும் பாருங்கள்.

பதிப்பு விவரங்களை எதோடு ஒப்பிடுவது?

1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் வெளியான நூல்களைக் காலாண்டுதோறும் அரசு பட்டியலிட்டது. பக்க எண்ணிக்கை, அளவு, அச்சிட்ட பிரதிகள், விலை எல்லாம் அதில் இருக்கும். அதற்கு முந்திய நூல்களுக்கு மர்டாக்கின் 1865ஆம் ஆண்டுத் தமிழ் அச்சு நூல் அட்டவணை. பார்னெட்டும் போப்பும் தொகுத்துப் பிரிட்டிஷ் மியூசியம் 1909இல் வெளியிட்ட தமிழ் நூல் அட்டவணையும் நம்பகமானது.

நேரில் பார்க்கச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, பெசன்ட் நகர் உ. வே. சா. நூலகம். முதற்பதிப்புகளுக்கென்றே புகழ்பெற்ற புதுக்கோட்டை ஞானாலயா. திரையில் பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். வாங்கப்போகும் பிரதியின் பக்க எண்ணிக்கையை அங்குள்ள பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டால் ஏமாற்றத்தில் பாதி குறையும்.

எங்கே வாங்குவது? என்ன விலை?

1985 தீவிபத்துக்கு முன் மூர் மார்க்கெட்தான் எல்லாம். இப்போது சென்னையின் பழைய புத்தகக் கடைகள், இணையக் குழுக்கள், வீடு மாற்றும் குடும்பங்கள், மூடப்படும் வாசகசாலைகள். நிலையான விலைப்பட்டியல் எதுவும் இல்லை. முழுமை, பதிப்பு, தாளின் உறுதி, முந்தைய உரிமையாளர் என்ற வரிசையில் மதிப்பிடுங்கள்.

தொலைவிலிருந்து வாங்கும்போது தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முகவுரையின் முதலும் கடைசியும், நூலின் கடைசிப் பக்கம், முதுகு, நடுவில் விரித்த ஒரு பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். பக்கங்களைப் புரட்டும் காணொளி கிடைத்தால் இன்னும் நல்லது. அட்டைப் படம் மட்டும் அனுப்புபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

நூலக முத்திரை உள்ள பிரதியானால் "நீக்கப்பட்டது" என்ற குறிப்போ கழிவு முத்திரையோ இருக்க வேண்டும். பல நூலகங்கள் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் ரகசியமாக முத்திரை வைக்கும். முன்பக்க முத்திரை சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் பிரதியைத் தொடவே வேண்டாம்.

பழைய நூலைப் புதிதாக பைண்டிங் செய்யலாமா?

பூச்சியும் ஈரமும் கெடுத்ததைவிட அவசர பைண்டிங் கெடுத்த நூல்கள் அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம். வழக்கமான பைண்டர் மூன்று ஓரங்களையும் வெட்டி மட்டம் செய்வார். விளிம்பில் யாரோ ஒரு புலவர் எழுதி வைத்த பாடபேதக் குறிப்பு அதோடு போய்விடும். மடிப்பின் வழியாகத் தைக்காமல் பக்கவாட்டில் துளையிட்டுத் தைப்பதால் உள்ஓரம் விழுங்கப்பட்டு நூல் விரியாது. விரித்தால் நைந்த தாள் தையலோரத்தில் முறியும். மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதும் வழக்கம். செம்பு உப்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும்.

தையல் உறுதியாக இருந்தால் எதுவும் செய்யாமல் அளவெடுத்த அட்டைப்பெட்டியில் வையுங்கள். தையல் விட்டிருந்தால் பைண்டரிடம் எழுதியே கொடுங்கள்: ஓரம் வெட்டக் கூடாது, மடிப்பு வழியாகத் தைக்க வேண்டும், பழைய மேலட்டையை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், ஃபெவிகால் கூடாது, மயில்துத்தம் கூடாது. கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாப்பசையும். செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்பு எண்ணெயாகக் கசிந்து எழுத்தை மூடும். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்கவே முடியாது.

கடலோர ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும். 45 முதல் 55 வரை நல்லது. ஈரப்பத அளவி ஒன்று வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் நிறுத்தும் அறை, ஏசியே இல்லாத காற்றோட்டமான அறையைவிடக் கெடுதல். குளிர்ந்த நூல்மேல் பகல் காற்றின் ஈரம் படியும்.

அலமாரி இரும்பாக இருக்கட்டும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து அரையடி உயரத்தில். நூல்களை இறுக்கி அடுக்காதீர்கள். தடித்தவற்றைப் படுக்க வையுங்கள். பளபளக்கும் பிவிசி உறை அமிலத்தைக் கக்கும். வெளுக்காத பருத்தித் துணி போதும். வேப்பிலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். நாப்தலீன் உருண்டை மூச்சுக்குக் கெடுதல், வண்டுப் புழுவையும் நிறுத்தாது.

புதிய துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. நூலைக் காற்றுப் புகாத பையில் இட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியில் விடுங்கள். உடனே திறந்தால் பனித்துளி தாளில் இறங்கும். கரையானுக்கு இது தீர்வல்ல. தரையையும் சுவரையும் மருந்தடிப்பவர்தான் பார்க்க வேண்டும்.

நூல் மழையில் நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். வெயிலில் காயவைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்றாக ஒற்றுத்தாளைச் செருகி, அடிக்கடி மாற்றுங்கள். ஒரே நேரத்தில் நிறைய நனைந்திருந்தால் பையிலிட்டு உறையவைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

வார இதழ்த் தொடர்களின் பைண்டுகள் சேகரிக்கத் தக்கவையா?

நிச்சயமாக. 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வனை வாரவாரம் கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். மணியத்தின் ஓவியங்கள் வந்த அளவில், வந்த இடத்தில் இருப்பது அங்கேதான். அத்தியாய எண்களை ஐந்து பாகங்களுக்கும் தனித்தனியே சரிபாருங்கள். கடைசிப் பாகத்தில்தான் விடுபடல் அதிகம். பைண்டர் வெட்டியதில் ஓவியத்தின் ஓரம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். செய்தித்தாள் வகைத் தாள் என்பதால் இவைதான் முதலில் பொடியாகும். துருப்பிடித்த பின்களை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைப்பது முதல் வேலை.

யாழ்ப்பாணப் பதிப்புகள் ஏன் அவ்வளவு அரிது?

நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் அச்சான சைவ, இலக்கண நூல்கள் பல தமிழ்நாட்டுக்குச் சிறிதளவே வந்தன. ஊரில் இருந்தவற்றில் பல 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தன. எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். பின்னர் போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு நூலகங்கள் போயின. எனவே யாழ்ப்பாணத்து அச்சக முகவரியுள்ள நூல் எந்த நிலையில் கிடைத்தாலும் விடாதீர்கள். ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமிக்கும் "நூலகம்" நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 75 ஆண்டு கடந்தவையானால் தொல்பொருள். ஏடுகள் இதற்குள் வரும். பிற வரலாற்றுப் பொருள்களுக்கு 100 ஆண்டு. தனியார் இவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. நூற்றாண்டு கடந்த அச்சு நூலை அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் இல்லாமல் கூரியரில் போட்டால் சுங்கத்தில் நிறுத்தப்படலாம். நிறுத்தப்பட்ட நூல் எந்த நிலையில் திரும்பும் என்று சொல்ல முடியாது.

குறைந்த செலவில் எங்கிருந்து தொடங்கலாம்?

சைவசித்தாந்த மகாசமாஜம் 1940இல் வையாபுரிப் பிள்ளையைக் கொண்டு வெளியிட்ட "சங்க இலக்கியம்", பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கிய முக்கியமான பதிப்பு. 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கின்றன. வரிசையை முழுதாக்குவதே ஒரு நல்ல இலக்கு. கம்பராமாயணத்துக்குச் சென்னைக் கம்பன் கழகத்தின் 1976ஆம் ஆண்டு ஒற்றைத் தொகுதி. சாமிநாதையர் நூல்களில் 1920களிலும் 1930களிலும் வந்த பதிப்புகள் இப்போதும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. இந்த நான்கிலும் ஃபாரம் எண் பார்த்துப் பழகிவிட்டு, 19ஆம் நூற்றாண்டு நூல்களுக்குப் போங்கள்.